உட்கார்ந்து வாசிக்கும் உழவர் இசை

கொரியக் கிராமங்களில் முன்பெல்லாம் நாற்று நடவும் களையெடுக்கவும் ஆட்கள் வயலுக்குப் போனால் தாளக்குழுவும் கூடவே போகும். வட்டமாகச் சுற்றியும் துள்ளியும், தொப்பியில் கட்டிய நீண்ட நாடாவைத் தலையசைப்பாலேயே சுழற்றியும் வாசிப்பார்கள். நோங்காக் எனப்படும் இந்த உழவர் இசையை 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

1978 பிப்ரவரியில் சியோல் நகரின் ஒரு சிறிய அரங்கில், அதே தாளங்களை நான்கு இளைஞர்கள் தரையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்கள். சிறு வயதிலேயே நாடோடிக் கலைக்குழுவில் சேர்ந்து வளர்ந்த கிம் தொக்-சூ அவர்களில் ஒருவர். சாமுல்நோரி என்ற இசைவடிவம் பிறந்தது அப்படித்தான்.

கருவிகள் நான்கே. நம் உடுக்கையைப் பெரிதாக்கி நீட்டியது போன்ற ஜாங்கு. பீப்பாய் வடிவப் புக். வெண்கலத் தட்டுகள் இரண்டு: பெரியது ஜிங், சிறியது குவெங்குவாரி. மழை, மேகம், காற்று, இடி என்று இவற்றுக்கு முறையே பொருள் சொல்வதுண்டு. நல்ல தட்டுகளைச் செம்பு 78, வெள்ளீயம் 22 என்ற விகிதத்தில் உருக்கி, பழுக்கக் காய்ச்சி, சுத்தியலால் தட்டித் தட்டியே உருவாக்குகிறார்கள்.

குழுவை நடத்துவது குவெங்குவாரி. வலக்கைக் கோல் அடிக்கும். தட்டைப் பிடித்திருக்கும் இடக்கை விரல்கள் பின்புறத்தைத் தொட்டும் விட்டும் ஒலியை அடக்கித் திறக்கும். பாதி இசை அந்த விரல்களில்தான் இருக்கிறது. ஜாங்குவில் வலப்பக்கத்துக்கு மெல்லிய மூங்கில் குச்சி, இடப்பக்கத்துக்கு உருண்டைத் தலைக் கோல். வேகம் ஏறியதும் இடக்கைக் கோல் குறுக்கே பாய்ந்து வலப்பக்கத்தையும் அடித்துவிட்டுத் திரும்பும். ஜிங் அதிகம் பேசாது. பெரும்பாலும் தாளச் சுற்றின் தொடக்கத்தில் ஓர் அடி. அதன் கார்வை மற்ற மூன்றையும் தாங்கி நிற்கும். மத்தியப் பகுதியின் சில்சே தாளத்திலோ ஒரு சுற்றுக்கு ஏழு அடிகள்.

உட்கார்ந்ததால் ஆட்டம் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நால்வரும் மூச்சை இழுக்கும்போது உடல் எழுகிறது, விடும்போது தாழ்கிறது. தோளும் முதுகும் ஒரே அலையில் போகின்றன. கண்ணால் எண்ண முடியாத வேகத்திலும் தாளம் பிசகாமல் இருப்பது இந்த மூச்சுப் பயிற்சியால்தான். ஆட்டம் உடம்புக்குள்ளேயே இறங்கிவிட்டது.

முதல்முறை கேட்பவர்கள் தென்கிழக்கு யோங்நாம் பாணியிலிருந்து தொடங்கலாம். ஒலிப்பதிவு போதாது, காணொளியாகவே பாருங்கள். கண் குவெங்குவாரிக்காரரின் இடக்கையில் இருக்கட்டும்.