வினாகிரியின் புளிப்பை அளத்தல்

ஊறுகாயைக் கெடாது காப்பது வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலமாகும். நீர் மிகுதியாகக் கலந்த வினாகிரியை நம்பி ஊறுகாய் இடுவோர் பொருளை இழப்பர். சிலவேளை உடல்நலத்தையும் இழப்பர். நாவும் மூக்கும் புளிப்பு உண்டென்று கூறுமேயன்றி, எவ்வளவு என்று கூறமாட்டா. அதனைக் கூறுவது நியமிப்பு என்னும் முறையே.

வினாகிரியில் 10 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 100 மில்லிலீற்றராக்குவர். நிறமுள்ள வினாகிரியும் இதனால் வெளிறிவிடும். அதில் 25 மில்லிலீற்றரைக் குடுவையிலிட்டுப் பினோத்தலீன் இரு துளி சேர்ப்பர். பின்னர், செறிவு திட்டமாக அறியப்பட்ட சோடியமைதரொட்சைட்டுக் கரைசலை அளவியிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவர். குடுவையைச் சுழற்றியும் மறையாத மென்சிவப்பு தோன்றியதும் நிறுத்துவர்.

லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள காரத்தின் ஒவ்வொரு மில்லிலீற்றரும் 0.006 கிராம் அமிலத்தை நடுநிலையாக்கும். 20 மில்லிலீற்றர் செலவாயின் அமிலம் 0.12 கிராம். குடுவையிலிருந்த வினாகிரியோ 2.5 மில்லிலீற்றரே. ஆகவே 100 மில்லிலீற்றர் வினாகிரியில் 4.8 கிராம் அமிலம் உண்டு. 4 கிராமுக்குக் குறைதலாகாது என்பது பல நாடுகளின் உணவு விதி.

ஆயினும், அவ்வமிலம் தென்னங்கள் புளித்து உண்டானதோ, தொழிற்சாலையில் ஆக்கப்பட்டதோ என்பதை நியமிப்பு உணர்த்தாது. அதனை அறிய வேறு சோதனைகள் வேண்டும்.