படம் கேன்வாவில், எழுத்து சைட்ஸில்

படிவம் 5 மாணவர்களுக்கு மொழியணித் தளம் ஒன்று செய்யணும்னு நினைக்கிற ஆசிரியர்களுக்கு, டெலிமா கணக்கு வழியாகவே கூகுள் சைட்ஸும் கேன்வாவின் கல்விப் பதிப்பும் கிடைக்கின்றன. எந்த வேலையை எதில் செய்வது என்பதில்தான் விஷயமே இருக்கு.

பலரும் முழுப் பக்கத்தையும் கேன்வாவில் வடிவமைத்து, படமாகப் பதிவிறக்கி, சைட்ஸில் போட்டுவிடுகிறார்கள். கணினியில் அழகாகத்தான் தெரியும். மாணவரோ அதைக் கைப்பேசியில் திறக்கிறார். படம் சுருங்க, உள்ளிருக்கும் எழுத்தும் சுருங்கும். புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போனால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். எழுத்துப்பிழைக்குப் புள்ளி இழக்கும் மாணவருக்கு இது சின்ன விஷயமில்லை. சொல்லை நகலெடுத்து அகராதியில் தேடவும் வழியில்லை. பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் திரைவாசிப்பான் அதைச் சரியாக வாசிக்கும் என்றும் நம்ப முடியாது.

ஆகவே முகப்புப் படம், சின்னங்கள், உவமைத்தொடருக்கான ஓவியம் ஆகியவற்றைக் கேன்வாவில் செய்யுங்கள். பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம் எல்லாவற்றையும் சைட்ஸிலேயே தட்டச்சு செய்யுங்கள். கேன்வாவில் பயன்படுத்திய வண்ணத்தின் ஆறு இலக்கக் குறியீட்டை சைட்ஸின் வண்ண அமைப்பில் ஒட்டினால் இரண்டும் ஒரே கை செய்தது போல இருக்கும். முகப்புப் படத்தில் தமிழ்த் தலைப்பு வந்தால் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்க. இல்லாவிட்டால் மேல்வரியின் உகரக் கால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும்.

சைட்ஸில் நான் அதிகம் விரும்புவது விரிந்து சுருங்கும் பெட்டி. தலைப்பில் ‘கரி பூசுதல்’ என்று மட்டும் தெரியும். தொட்டால்தான் ‘அவமானம் உண்டாக்குதல்’ என்ற பொருள் வரும். எல்லாமே திறந்து கிடந்தால் கண் ஓடிவிடும், படிச்ச மாதிரியும் தோணும். பொருள் மறைந்திருந்தால் மாணவர் ஒரு நொடியாவது யோசிப்பார்.

(ஃபிக்மா வேணுமான்னு கேட்பாங்க. நாலைந்து பக்கத் தளத்துக்குத் தாளும் பென்சிலும் போதும்.)

வெளியிடுமுன் முன்னோட்டத்தில் கைப்பேசி அளவைத் தேர்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துடுங்க. யார் பார்க்கலாம் என்ற அமைப்பையும் சரிபாருங்கள். பள்ளிக் கணக்கில் செய்த தளம் அக்கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் திறக்கும்படி இருக்கலாம். சொந்தக் கணக்கில் வரும் மாணவருக்கு அனுமதி இல்லை என்றுதான் காட்டும். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் இணைப்பை ஒருமுறை திறந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.