வீடா, தொடர்மாடியா?



முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், சென்ற வருடம் தன் மனைவியையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கொழும்பில் சிறிய கடையொன்று நடத்துபவர். பல வருடங்கள் வாடகை வீட்டில் இருந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொஞ்சம் பணம் சேர்த்திருந்தார்.

"ஹஸ்ரத், வெல்லம்பிட்டியில் ஆறு பேர்ச் காணியோடு பழைய வீடொன்று வருகிறது. அதே விலைக்குத் தெமட்டகொடையில் தொடர்மாடியொன்றின் ஐந்தாம் மாடியில் மூன்று அறை வீடு இருக்கிறது. எதை வாங்குவது?" என்று கேட்டார்.

"உங்கள் உம்மாவுக்கு என்ன வயது?" என்று நான் கேட்டேன்.

அவர் திகைத்துப் போனார். எழுபத்திரண்டு வயது, முழங்கால் வருத்தம் என்றார். விலையைப் பார்க்கிறோம், இடத்தைப் பார்க்கிறோம். அந்த வீட்டில் யார் வாழப் போகிறார்கள் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம்.

மாளிகாவத்தை போன்ற இடங்களிலுள்ள பழைய தொடர்மாடிகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. முதியவர்கள் மாதக்கணக்கில் கீழே இறங்காமல் இருப்பதும், ஜனாஸாவைக் குறுகிய படிகளில் சிரமப்பட்டு இறக்குவதும் நாம் கண்ட காட்சிகளே. லிஃப்ட் இருந்தாலும் அது மின்சாரத்தை நம்பியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்துவிட வேண்டாம். மோட்டார் ஓடாவிட்டால் மேல்மாடிக்குத் தண்ணீரும் ஏறாது.

அப்படியானால் காணி வீடுதான் நல்லதா? அவசரப்பட வேண்டாம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின. காணி பார்க்கப் போகிறவர் வெயில் நாளில் போகக்கூடாது. அடைமழைக்கு அடுத்த நாள் போக வேண்டும். அயலவரிடம், "தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேட்க வேண்டும்.

அடுத்தது, நீங்கள் உண்மையில் எதை வாங்குகிறீர்கள் என்பது. ஆறு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,633 சதுர அடி நிலம். அது உங்களுடையது. அனுமதி பெற்று மேலே ஒரு தட்டு எழுப்பலாம். தொடர்மாடியில் அப்படியல்ல. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உங்கள் வீடு உங்களுக்கு. நிலம், படி, கூரை போன்றவை எல்லோருக்கும் பொது. அவற்றைப் பராமரிக்க மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். பத்துப் பேர் கட்டாவிட்டால் பதினோராமவர் வீட்டிலும் கூரை ஒழுகும். தொடர்மாடியில் வீடு வாங்குகிறவர் அயலவரையும் சேர்த்தே வாங்குகிறார்.

பத்திரங்களிலும் கவனம் தேவை. காணியென்றால் உறுதி, நில அளவைப் படம், முப்பது வருட உரித்து ஆகியவற்றை நம்பிக்கையான நொத்தாரிசு மூலம் பரிசோதியுங்கள். தொடர்மாடியென்றால் கட்டடத்தின் பிரிப்புப் படம் பதிவாகியிருக்கிறதா, உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி எழுத முடியுமா என்று பாருங்கள். முற்பணம் கொடுத்த பிறகு விசாரிப்பதில் பயனில்லை.

மாணவர் தயங்கியபடி, "இரண்டு பெண் பிள்ளைகள் ஹஸ்ரத். காணியென்றால் நாளைக்கு மேலே ஒரு தட்டுக் கட்டி இருவருக்கும் கொடுக்கலாம்" என்றார். இது நம்மில் அநேகரின் கவலை. மாப்பிள்ளைக்கு வீடு காட்டாமல் பெண்ணைக் கொடுக்க முடியாது என்ற நிலையை நாம்தான் உண்டாக்கிக் கொண்டோம். மார்க்கம் மஹரை ஆணின் மீதே கடமையாக்கியிருக்கிறது. பத்து வருடத்துக்குப் பின் வரும் மருமகனை நினைத்து, இன்று கால் வலிக்கும் உம்மாவை மறந்துவிடக் கூடாது.

அதுவரை பேசாதிருந்த அவருடைய மனைவி சொன்னார்: "இவர் கடை மூடி வர இரவு பத்து மணியாகும். மாமியும் நானும் பிள்ளைகளும்தான். கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் வேண்டும்."

அந்த வார்த்தையில் பாதி விடை இருந்தது. வீட்டில் அதிக நேரம் இருப்பவர்களிடம்தான் முதலில் மஷூரா செய்ய வேண்டும். ஆனால் அவர்களிடம் கேட்பவர் குறைவு.

இருவரும் மழைக்குப் பிறகு வெல்லம்பிட்டிக்குப் போனார்கள். அயல்வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளத்தின் கறை இருந்தது. பிறகு இஷாவுக்குப் பின் தொடர்மாடிக்குப் போய், அங்கு நீண்ட காலம் வசிப்பவர்களிடம் விசாரித்தார்கள். ஐந்தாம் மாடியை விட்டுவிட்டு, அதே கட்டடத்தில் முதலாம் மாடியில் இரண்டு அறை வீடொன்றை வாங்கினார்கள். ஓர் அறை குறைவு. ஆனால் உம்மா கைப்பிடியைப் பிடித்துத் தானாகவே இறங்கி வருகிறார்.

உங்களுக்குக் காணி வீடே பொருத்தமாக இருக்கலாம். உங்கள் வீட்டாரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசுங்கள். விலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நிம்மதியான வீட்டையும் நல்ல அயலவரையும் தந்தருள்வானாக!