ஒட்டுப் படம்

கணினித் திரையில் விரைந்தோடும் புகைவண்டி ஒன்றைக் கண்டுகொண்டிருக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். திடீரென வண்டியின் கூரை பின்தங்க, சக்கரங்கள் மட்டும் ஒரு விரற்கடை முன்னே சென்றுவிடுகின்றன. நடுவே கிடைக்கோடு ஒன்று தோன்றிக் கண்ணிமைக்குமுன் மறைகின்றது. மீண்டும் வேறோரிடத்தில் தோன்றுகின்றது. கணினி வல்லுநர் இதனைத் திரை கிழிதல் என்பர். உண்மையில் திரையும் கிழியவில்லை, படமும் கிழியவில்லை. இரு வேறு படங்களின் துண்டுகள் ஒன்றாய் ஒட்டப்பட்டுள்ளன. ஆதலின் இதனை ஒட்டுப் படம் என்று வழங்குதலே தகும் என்பது என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் பெயர்த்தியின் கணினியில் இக்குறை காணப்பட்டது. பழுது பார்ப்பவர் ஒருவர், கூர்ந்து நோக்காமலே, திரையை மாற்றிவிடல் வேண்டும் என்றார். புத்தகம் வாங்குதற்கென அவள் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதும் அதற்கே போய்விடும். அவளோ, “தாத்தா, படத்தை நிறுத்தி வைத்தால் கோடு தெரியவில்லையே! திரை பழுதென்றால் அப்போதும் தெரிய வேண்டாமா?” என வினவினாள். நல்ல வினா அது.

கணினியின் வரைகலைச் செயலி, காட்ட வேண்டிய படத்தை முதலில் நினைவகத்தில் எழுதுகின்றது. அப்படம் ஒரே கணத்தில் திரைக்குச் சென்றுவிடுவதில்லை. மேல்வரி முதல் அடிவரி ஈறாக வரிவரியாகவே படிக்கப்பட்டுச் செல்கின்றது. பல திரைகளில் இச்செயல் நொடிக்கு 60 முறை நிகழும். ஒரு முறைக்கு ஆகும் காலம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. திரைப்படமோ பெரும்பாலும் நொடிக்கு 24 படங்களைக் கொண்டது. எழுதுவோன் நடை வேறு, படிப்போன் நடை வேறு.

இதனை வகுப்பறையில் வைத்து நோக்குவோம். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பாட்டை எழுதியிருக்கிறார். மாணவன் மேலிருந்து கீழாகப் பார்த்து எழுதுகிறான். அவன் நான்காம் அடியை எட்டுமுன் ஆசிரியர் பலகையைத் துடைத்து வேறொரு பாட்டை எழுதிவிட்டால் யாது நிகழும்? அவனது ஏட்டின் மேற்பாதியில் பழைய பாட்டும், கீழ்ப்பாதியில் புதிய பாட்டும் இருக்கும். ஏட்டின்மேல் குற்றமுண்டோ? புகைவண்டியின் கூரை பழைய படத்தினது. சக்கரங்கள் புதிய படத்தினவை. நிறுத்தி வைத்த படத்தில் பழையதும் புதியதும் ஒன்றே ஆதலின் கோடு தோன்றுவதில்லை.

இனி, சட்டத்தில் சுழலும் இருபுறப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவன் முன்புறத்தைப் படிக்கும்போது ஆசிரியர் பின்புறத்தில் எழுதுகிறார். எழுதி முடித்தாலும் உடனே பலகையைத் திருப்புவதில்லை. மாணவன் அடிவரியை முடித்து, அடுத்த பக்கத்தின் தலைப்பிற்குக் கையைக் கொண்டு செல்லும் அச்சிறு இடைவெளியிலேயே திருப்புகிறார். கணினியிலும் அவ்வாறே படங்களுக்கு இரண்டு நினைவிடங்கள் வைக்கப்படுகின்றன. ஒரு முறை படித்து முடித்து மறுமுறை தொடங்கும் இடைவேளையில் அவை இடம் மாறுகின்றன. இம்முறைக்குச் செங்குத்து ஒத்திசைவு, அதாவது ‘வி-சிங்க்’ என்று பெயர். பழைய திரையரங்கப் படக்கருவியும் இதனையே செய்தது. படச்சுருள் நகரும் வேளையில் சுழலும் தகடொன்று ஒளியை மறைத்துவிடும். படம் நிலைத்து நின்ற பின்னரே ஒளி திரையில் விழும்.

2007இல் பொதுமக்களுக்கு வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதலாக, சாளரங்களை மறைவில் ஒன்றுகூட்டிக் காட்டும் ஏற்பாடு அவ்வமைப்பில் உண்டு. ஆதலின் அங்கு இக்குறை அருகியே தோன்றும். லினக்ஸ் கணினிகளில், 1984இல் தோன்றிய எக்ஸ் என்னும் பழைய வரைகலை அமைப்பு இயங்குமிடத்து மிகுதியாகக் காணலாம். 2008இல் தொடங்கப்பெற்ற வேலேண்ட் என்னும் அமைப்போ அரைகுறைப் படத்தைக் காட்டலாகாது என்பதையே கொள்கையாகக் கொண்டது.

என் பெயர்த்தியின் கணினி எக்ஸ் வழி இயங்குவது. அவள் முதலில், கோடு தோன்றும் வேளையில் கணினியைக் கொண்டே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தாள். அதில் படம் முழுமையாக இருந்தது. நினைவகத்தில் பிழையில்லை, அனுப்பும் நேரத்திலேயே பிழை என்பதற்கு அது நல்ல சான்று. பின்னர், இண்டெல் வரைகலைக்குரிய அமைப்புக் கோப்பில் ‘டேர்ஃப்ரீ’ என்னும் விருப்பத்தை இயங்கச் செய்து கணினியை மறுபடி தொடக்கினாள். என்விடியா ஆயின் அதன் அமைப்புப் பலகத்தில் ‘ஃபோர்ஸ் ஃபுல் காம்பொசிஷன் பைப்லைன்’ என்பதைத் தெரிவு செய்தல் வேண்டும். புகைவண்டி கூரையும் சக்கரமும் ஒன்றாய் ஓடிற்று. புத்தகப் பணமும் தப்பிற்று.

காத்திருப்பதால் சிறிது தாமதம் நேரும். படம் பார்ப்போர் அதனை உணரார். விரைவு விளையாட்டு ஆடுவோர் உணர்வர். அவர்பொருட்டு, படம் ஆயத்தமாகும் வரை திரையே காத்திருக்கும் ஏற்பாட்டினை 2014இல் வெசா என்னும் தரநிலைக் கழகம் வகுத்தது. மற்றொன்றும் கூறவேண்டும். 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை வரும். ஆதலின் ஒரு படம் இருமுறையும் அடுத்த படம் மும்முறையும் காட்டப்படுகின்றன. காட்சி மெல்லப் பக்கவாட்டில் நகரும்போது சிறு தடுக்கல் தோன்றுவது இதனாலேயாம். அது ஒட்டுப் படம் அன்று. அவள் கணினியில் அஃது இன்றும் உண்டு.