திரும்பிப் போக முடியாத தெரிவுகள்: கேம் திரையிலும் மலையகத்திலும்

கதை சொல்லும் வீடியோ கேம்களை விளையாடுபவர்களிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. நாம் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள கேம் இடம் தர வேண்டுமா, கூடாதா? நம் தெரிவால் ஒருவர் செத்துவிட்டால், சற்று முன் ‘சேவ்’ செய்து வைத்த இடத்துக்குப் போய் அவரை மீட்டுக்கொள்ளலாம் என்றால் அந்தச் சாவுக்கு என்ன பெறுமதி? செத்தவர் செத்தவர்தான் என்று கேம் சொல்லிவிட்டால் நாம் கதைக்குள் இன்னும் ஆழமாக இறங்குவோமா?

ஆம் என்பவர்களே அதிகம். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் சந்தித்த இளைஞரும் அப்படித்தான் சொன்னார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்பவர், தீபாவளிக்கு வீடு வந்திருந்தார். லயத்தில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. இன்டர்நெட் இல்லாமலே ஓடும் என்பதால் ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ என்ற கேமை போனில் இறக்கி வைத்திருந்தார். “விடிஞ்சா விடிஞ்சதுதான். நேத்துக்குத் திரும்பிப் போக ஏலாது” என்றார். அதனால்தான் அதைக் கீழே வைக்க முடியவில்லையாம்.

போலந்தின் லெவன் பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்ட கேம் அது. 1990களில் சரஜேவோ நகரம் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் முற்றுகையில் கிடந்ததை மனதில் வைத்து உருவாக்கியிருக்கிறார்கள். யுத்த கேம் என்றாலும் நாம் படைவீரர் அல்ல, இடிந்த வீடொன்றில் ஒதுங்கியிருக்கும் சாதாரண மக்கள். பகலில் வெளியே போனால் சுடுவார்கள். இரவில் ஒருவர் போய் சாப்பாடு, மருந்து, விறகு தேடி வரவேண்டும். ஓரிடத்தில் வயோதிபத் தம்பதி ஒன்று தனியாக இருக்கிறது. அவர்களிடம் மருந்தும் சாப்பாடும் உண்டு, எதிர்த்து நிற்கப் பலமில்லை. எடுத்து வந்தால் நம் வீட்டு நோயாளி பிழைக்கலாம். ஆனால் எடுத்து வந்தவர் அதற்குப் பிறகு பழைய ஆளாக இருப்பதில்லை. பேச்சில் மாறுகிறார், சோர்ந்து போகிறார், சிலவேளை எழும்பவே மறுக்கிறார். நாள் விடிந்ததும் கேம் தானாகவே எல்லாவற்றையும் பதிந்துகொள்கிறது. 2020இல் போலந்து அரசாங்கம் இதைப் பாடசாலை மாணவர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் வாசிப்புப் பட்டியலில் சேர்க்கப்போவதாக அறிவித்தது. புத்தகங்களுக்கு நடுவே ஒரு கேம்!

ஆனால் திரும்ப முடியாததுதான் இதன் பாரத்துக்குக் காரணம் என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ கேமைப் பாருங்கள். கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுப் பார்க்கும் அதிகாரி நாம்தான். ஒருவர் சரியான ஆவணங்களோடு வருகிறார். பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்கிறார். மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. விட்டால் நமக்கு எச்சரிக்கைச் சீட்டு வரும், அவை சேர்ந்தால் சம்பளத்தில் வெட்டு, வீட்டில் பிள்ளைக்குச் சாப்பாடு இல்லை. விடாவிட்டால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. என்ன வித்தியாசம் என்றால், அங்கே நாம் நிற்பது கண்ணாடிக்கு மற்றப் பக்கம். இந்தக் கேமில் பழைய நாள் எதற்கும் திரும்பிப் போய் வேறு முடிவு எடுக்கலாம். அப்படியிருந்தும் அந்த மனைவியின் முகம் மனதை விட்டுப் போவதில்லை.

மறுபக்கம், மாற்ற முடியாத தெரிவே பொய்யாகிப் போவதும் உண்டு. 2012இல் வந்த ‘த வோக்கிங் டெட்’ கேமின் முதல் அத்தியாயத்தில் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்றலாம். மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒருவரைத் தெரிவு செய்கிறோம். மூன்றாம் அத்தியாயத்தில் அவரும் இறந்துவிடுகிறார், யாரைக் காப்பாற்றியிருந்தாலும் அதுதான் நடக்கும். முடிவை முன்பே எழுதி வைத்துவிட்டு எதற்கு எங்களிடம் கேட்டீர்கள் என்று கோபப்பட்ட ரசிகர்கள் ஏராளம்.

அந்தக் கோபம் ஊவாத் தோட்டங்களில் எந்த வயதானவருக்கும் புரியும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேர் என்று கணக்கு வைத்து, 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்று முடிவு செய்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பத்து ஆண்டுகள் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1964 ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகுதான் மக்கள் கையில் விண்ணப்பப் படிவம் வந்தது. இந்தியாவா, இலங்கையா? ஆனால் ஏழு பேர் அங்கே போனால் நான்கு பேருக்கு இங்கே உரிமை என்ற விகிதம் மேலே எழுதியாகிவிட்டது. பெயர் மட்டும்தான் தெரிவு.

பசறை இளைஞரின் பாட்டியிடம் இதைக் கேட்டேன். அவருடைய தகப்பனார் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். இவருக்கு அதற்குள் கலியாணம் முடிந்திருந்தது, கணவன் வீட்டார் இலங்கைக்கு எழுதினார்கள். எழுதிய நாள் அவருக்கு ஞாபகமில்லை. ஞாபகமிருப்பது அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான்: பாஸ்போட் வந்துவிட்டதா என்று விசாரிப்பது, வளர்த்த ஆட்டை விற்பது, பயணம் தள்ளிப்போவது. கடைசியில் தகப்பன் குடும்பத்தோடு கோச்சி ஏறினார். தலைமன்னார் போய் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறும் மக்களைச் சுமந்த அந்த இரயிலை மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றுதான் இன்றும் சொல்கிறது. போனவர்களில் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அரசு தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார்கள்.

கேம் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். பொத்தானை அழுத்தும் அந்த ஒரு கணத்துக்கு இசையைக் கூட்டி, நேரத்தை எண்ணிக் காட்டி, ‘இனி மாற்ற முடியாது’ என்று பயமுறுத்துவதில் பெரிதாக எதுவும் இல்லை. அந்த முடிவோடு எத்தனை நாள் வாழ விடுகிறீர்கள்? நம் தெரிவால் இல்லாமல் போனவரின் கதிரை எவ்வளவு நேரம் வெறுமையாகத் திரையில் இருக்கிறது? ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ பிடித்து வைப்பது அங்கேதான். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ திரும்பிப் போக விட்டும் தோற்காததற்கும் அதுவே காரணம். வேறு முடிவு எடுத்தால் அதற்கும் ஒரு கூலி காத்திருக்கிறது.

இன்னொன்று, எது மாற்ற முடியாதது என்பதும் தெரிவு செய்பவரின் கையில் இருப்பதில்லை. 1984இல் யுத்தம் காரணமாகத் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போட் கையில் இருந்தும் போக முடியாமல் பலர் இங்கேயே தங்கினார்கள். 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்து நாடற்றோர் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தன. இதற்கிடையில் 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று போனவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பைத் தேடிப் போனவர்கள் 2009இன் நடுவில் நின்றார்கள். அன்றைக்கு எடுத்த முடிவு சரியா, பிழையா என்று அவர்களிடம் கேட்பது நியாயமில்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் போனார்கள். நல்ல கேம்கள் பின்விளைவை முன்கூட்டியே காட்டாமல் நம்மைத் தெரிவு செய்யவைக்கும்போது இந்த நிலையைத்தான் தொட முயல்கின்றன.

தொட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லதா? பங்கருக்குள் இருந்தவர், கடைசி நேரத்தில் ஒரு கையைப் பிடித்து மற்றக் கையை விட்டவர், இந்தக் கேம்களில் ஆழ்ந்துபோக வேண்டும் என்று எந்தக் கடமையும் இல்லை. எனக்குத் தெரிந்த வன்னிப் பெண் ஒருவர் ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ கேமை முதல் இரவோடு மூடிவிட்டார். அவருக்குப் பிடித்தது 2015இல் வந்த ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’. அதில் நாயகி மாணவி ஒருத்தி, நேரத்தைப் பின்னோக்கித் திருப்பும் சக்தி அவளுக்குக் கிடைக்கிறது. சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற்று வேறு வார்த்தை சொல்லலாம். விமர்சகர்கள் இதை விளையாட்டைச் சுலபமாக்கும் உத்தி என்று சொல்லக்கூடும். அவர் அதை இரண்டு முறை முடித்திருக்கிறார். கடைசிக் காட்சியில் மட்டும் திருப்ப வழி கிடையாது. தோழியா, ஊரா என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு முறையும் அந்த இடம் வந்ததும் போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாராம்.