தெரியுமா? ஊர் ராணி வைத்திருந்த ஆப்பிள் வற்றல்!

ஆப்பிள் சிப்ஸ் புது ஃபேஷன் என்றா நினைத்தீர்கள்? அதற்கு வயது 4,500! இராக்கில் ‘ஊர்’ என்றே பெயர்கொண்ட ஓர் ஊர் உண்டு. சுமேரியர்களின் பழைய நகரம். அங்கே புவாபி என்ற ராணியின் கல்லறையைத் தோண்டினால், குறுக்கே அரிந்து நூலில் கோத்துக் காயவைத்த குட்டி ஆப்பிள்கள்! வற்றல் போடும் புத்தி எவ்வளவு பழசு பாருங்கள்.

நீங்களும் குறுக்கேதான் அரிய வேண்டும். அரிந்தால் நடுவில் என்ன தெரியும், தெரியுமா? ஐந்து முனை நட்சத்திரம்! விதைகளைத் தட்டிவிட்டால் அச்சு அசல் டிசைன்.

ஒரு கிலோ ஆப்பிளில் ஏறக்குறைய 850 கிராம் வெறும் தண்ணீர்! அதைத் துரத்துவதுதான் மொத்த வேலையும். எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம். சிப்ஸ் கட்டையில் 2 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, பட்டர் பேப்பரில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஓவனில் 100 டிகிரியில் சுமார் இரண்டு மணி நேரம். பாதியில் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். நடுநடுவே கதவைத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள்.

இப்போதுதான் பெரிய அதிசயம். வெளியே எடுத்ததும் சிப்ஸ் தோல் மாதிரி துவண்டு கிடக்கும்! முதல் தடவை நான் ‘வேகவில்லை’ என்று இன்னும் அரை மணி நேரம் உள்ளே தள்ளி, ஒரு தட்டு முழுக்கக் கரியாக்கினேன். கடலைமிட்டாய்ப் பாகு சூட்டில் இழுபட்டு, ஆறியதும் ‘டக்’கென்று உடைகிறதே, அதே கதைதான் இதுவும். பழத்தின் சர்க்கரை ஆறினால்தான் இறுகும். ஐந்து நிமிஷம் பொறுத்தால் மொறுமொறு! உடனே டப்பாவில் அடைத்துவிடுங்கள், மழைக்காலத்தில் நொடியில் நமுத்துவிடும். நமுத்தாலும் கவலையில்லை, மறுபடி பத்து நிமிஷம் ஓவன்.

சீவிய ஆப்பிள் கறுக்காமலிருக்க எலுமிச்சைத் தண்ணீரில் முக்குகிறோமே, இந்தக் கறுப்புக்குப் பின்னால் ஒரு நோபல் பரிசே இருக்கிறது, தெரியுமா? பழம் வெட்டினால் ஏன் கறுக்கிறது என்று குடைந்துகொண்டிருந்த ஹங்கேரிக்காரர் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி கைக்கு ஒரு பொருள் சிக்கியது. இன்னதென்று புரியாததால் ‘தெரியாது’ என்ற பொருள் தொனிக்க ‘இக்னோஸ்’ என்று பெயர் வைத்தார். கட்டுரையைப் பார்த்த ஆய்வுப் பத்திரிகை ஆசிரியர் முறைத்தார். சரி, ‘கடவுளுக்கே வெளிச்சம்’ என்கிற மாதிரி ‘காட்நோஸ்’ என்றார்! அதுவும் செல்லவில்லை. அந்த அநாமதேயம்தான் வைட்டமின் சி. பரிசு கிடைத்தது 1937-இல்.

சரி, சிப்ஸ் போட்டு மிஞ்சிய துண்டுகளில் ஃப்ரூட் டீ போடலாம். ஃப்ரூட் டீயில் டீயே கிடையாது, தெரியுமா? ஒரு தேயிலைகூட இல்லை! கடைப் பாக்கெட்டில் அந்த ரத்தச் சிவப்பைத் தருவது பெரும்பாலும் பழமும் இல்லை. நம் புளிச்சகீரைச் சொந்தத்துச் செடி ஒன்றின் சிவந்த புல்லி இதழ்.

உங்களுக்குக் கடையே வேண்டாம். உடைந்த சிப்ஸ், சீவ முடியாத ஓரத்துண்டு, நன்றாகக் கழுவிய ஆரஞ்சுத் தோல், எல்லாவற்றையும் அதே ஓவனில் காயவையுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு மேஜைக்கரண்டி, ஒரு துண்டு பட்டை, கொதிக்கும் தண்ணீர், மேலே மூடி. பத்து நிமிஷத்தில் வீடே மணக்கும்! பழக்க தோஷத்தில் பாலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பழத்தின் புளிப்பு பட்டால் திரிந்து போகும். அடியில் ஊறிக் கிடக்கும் ஆப்பிளை ஸ்பூனால் வழித்துச் சாப்பிடுங்கள், டீயைவிட அதுதான் ருசி!