ஆற்றல் துறையில் வழங்குநர் பல்வகைமை

வழங்குநர் பல்வகைமை என்பது, ஒரு நிறுவனம் தனக்குத் தேவையான பொருட்களையும் சேவைகளையும் வாங்கும்போது, வழமையாக வாய்ப்புக் கிட்டாத பிரிவினருக்கு உரிமையான தொழில்களும் அவ்வணிகத்தில் பங்குபெறுமாறு திட்டமிட்டுச் செயற்படுவதைக் குறிக்கும். சிறுபான்மை இனத்தவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகளான முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் தொழில்கள் இவற்றுள் முதன்மையானவை. மின்சாரம், எரிவளி ஆகியவற்றை வழங்கும் ஆற்றல் துறையில் இதற்கு நெடிய வரலாறு கொண்ட திட்டங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1988 இல் பிறப்பிக்கப்பட்ட பொது ஆணை 156 ஆகும். விழுக்காட்டு இலக்குகளை எட்டுவது மட்டும் சிறு தொழில்களை வளர்த்துவிடாது என்பதையும், கொள்முதல் நடைமுறையே மாறவேண்டும் என்பதையும் இத்திட்டத்தின் பட்டறிவு காட்டுகின்றது.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் சிறுபான்மையினரின் தொழில்களை ஊக்குவிக்கும் கூட்டாட்சி அரசின் முயற்சி 1969 இல் வடிவம் பெற்றது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன் பிறப்பித்த ஆணையின் மூலம் சிறுபான்மையினர் தொழில் அலுவலகம் நிறுவப்பட்டது. தனியார் நிறுவனங்களைச் சிறுபான்மை வழங்குநர்களுடன் இணைக்கும் தேசிய அமைப்பு 1972 இல் தோன்றியது.

ஆற்றல் துறைக்கு இதில் தனி இடம் உண்டு. ஒரு வட்டாரத்தில் பொதுவாக ஒரே நிறுவனமே மின்கம்பிகளையும் எரிவளிக் குழாய்களையும் நடத்துகின்றது. அங்கு வாழும் அனைவரும் அந்நிறுவனத்திற்கே கட்டணம் செலுத்துகின்றனர். வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க அவர்களால் இயலாது. கட்டணத்தை அரசின் ஆணையம் ஒன்று முறைப்படுத்துகின்றது. எனவே எல்லா மக்களிடமிருந்தும் திரட்டப்படும் பணம் செலவிடப்படும்போது, அம்மக்களுள் ஒரு பகுதியினரின் தொழில்கள் மட்டும் விலக்கப்படுவது முறையன்று என்னும் வாதம் இங்கு வலுப்பெற்றது.

பொது ஆணை 156

கலிபோர்னியச் சட்டமன்ற உறுப்பினர் குவென் மூர் கொண்டுவந்த சட்டம் 1986 இல் நிறைவேறியது. அதனைச் செயற்படுத்துமுகமாகக் கலிபோர்னியப் பொதுப்பயன்பாட்டு ஆணையம் 1988 இல் பொது ஆணை 156 ஐப் பிறப்பித்தது. பசிபிக்கு கேசு அண்டு எலெக்ட்ரிக்கு, தென் கலிபோர்னியா எடிசன், சான் டியேகோ கேசு அண்டு எலெக்ட்ரிக்கு போன்ற பெரிய மின், எரிவளி நிறுவனங்கள் இவ்வாணைக்கு உட்பட்டன. தொலைபேசி, குடிநீர் நிறுவனங்களும் இதில் அடங்கும்.

இவ்வாணையின் இலக்குகள் மொத்தக் கொள்முதலின் விழுக்காடாகப் பின்வருமாறு அமைந்தன:

* சிறுபான்மையினர் தொழில்கள் - 15
* பெண்கள் தொழில்கள் - 5
* மாற்றுத்திறனாளிகளான முன்னாள் படைவீரர் தொழில்கள் - 1.5

இவற்றின் கூட்டுத்தொகை 21.5 விழுக்காடு ஆகும். 2014 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி தற்பால், இருபால் ஈர்ப்புடையோர் மற்றும் திருநர் தொழில்களும் சேர்க்கப்பட்டன.

இவை இலக்குகளே அன்றி ஒதுக்கீடுகள் அல்ல. ஒப்பந்தங்களை ஒரு பிரிவினருக்கென்று ஒதுக்கிவைப்பதற்கோ முன்னுரிமை தருவதற்கோ ஆணை இடமளிக்கவில்லை. இலக்கை எட்டாத நிறுவனத்திற்குத் தண்டம் இல்லை; ஆனால் அதற்கான காரணத்தை அது ஆண்டறிக்கையில் விளக்கவேண்டும். அறிக்கை ஆண்டுதோறும் மார்ச்சு 1 ஆம் நாளுக்குள் ஆணையத்திடம் அளிக்கப்படுகின்றது. நிறுவனத்தின் உள்ளே பயிற்சி, வெளியே தொழில்முனைவோரைத் தேடிச் செல்லுதல், பெரிய ஒப்பந்தக்காரர்கள் மூலம் துணை ஒப்பந்தம் வழங்குதல் ஆகிய மூன்று பணிகளையும் ஒவ்வொரு நிறுவனமும் மேற்கொள்ளவேண்டும்.

ஒரு தொழில் தகுதி பெறுவதற்கு, அதன் உரிமையில் குறைந்தது 51 விழுக்காடு அப்பிரிவினரிடம் இருப்பதோடு, அன்றாட மேலாண்மையும் அவர்களிடமே இருக்கவேண்டும். இதனைச் சரிபார்த்துச் சான்றளிப்பதற்கெனத் தனி அமைப்பு ஒன்று இயங்குகின்றது.

சட்டச் சூழல்

இன அடிப்படையிலான அரசு ஒப்பந்த ஒதுக்கீடுகளை நீதிமன்றங்கள் கடுமையாக ஆராய்ந்துள்ளன. ரிச்மண்டு மாநகரம் சிறுபான்மையினருக்கு 30 விழுக்காடு துணை ஒப்பந்தம் வழங்கக் கட்டாயப்படுத்திய விதியை உச்சநீதிமன்றம் 1989 இல் செல்லாதென அறிவித்தது. 1996 இல் கலிபோர்னிய வாக்காளர்கள் ஏற்ற 209 ஆம் முன்மொழிவு, மாநில, உள்ளூர் அரசு அமைப்புகள் இனம், பால் ஆகியவற்றின் அடிப்படையில் ஒப்பந்த முன்னுரிமை தருவதைத் தடைசெய்தது. பொது ஆணை 156 முதன்மையாகத் தனியார் நிறுவனங்களின் கொள்முதலைப் பற்றியது. ஒதுக்கீடும் அதில் இல்லை. எனவே அது தொடர்ந்து நடைமுறையில் இருந்தது.

2019 இல் இயற்றப்பட்ட சட்டம், உள்ளூர் அரசுகள் கூடி நடத்தும் மின்கொள்முதல் அமைப்புகளுள் பெரியவற்றையும் அறிக்கை அளிக்குமாறு பணித்தது. இவை அரசு அமைப்புகளாதலால் 209 ஆம் முன்மொழிவின் வரம்புக்குள்ளேயே செயற்படவேண்டியுள்ளன. கூட்டாட்சி நிலையில், அரசு ஒப்பந்தக்காரர்களின் வேலைவாய்ப்பு குறித்து 1965 இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை 2025 சனவரியில் நீக்கப்பட்டது. அதன் பின்னர் பல்வகைமைத் திட்டங்கள் அனைத்தும் புதிய சட்ட ஆய்வுக்கு உள்ளாகியுள்ளன.

விளைவுகளும் குறைபாடுகளும்

2010களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் பெரிய மின் நிறுவனங்கள் 40 விழுக்காட்டிற்கும் மேலான கொள்முதலை இத்தகைய தொழில்களிடமிருந்து செய்ததாக அறிவித்தன. இது இலக்கைப்போல் ஏறத்தாழ இருமடங்காகும். எனினும் ஒரு விழுக்காட்டைக்கொண்டு மட்டும் திட்டத்தின் பயனை அளக்க இயலாது. அதற்கான காரணங்கள் பின்வருமாறு.

குவிதல்: ஒரு நிறுவனம் 100 கோடி டாலர் செலவிட்டு அதில் 20 கோடியைப் பல்வகைமை வழங்குநர்களுக்கு அளிப்பதாகக் கொள்வோம். அத்தொகை ஐந்து பெரிய தொழில்களுக்குச் சென்றாலும் ஐந்நூறு சிறு தொழில்களுக்குச் சென்றாலும் அறிக்கையில் 20 விழுக்காடு என்றே பதிவாகும். முன்னதில் புதிதாக எவரும் நுழைவதில்லை.

இடைத்தரகு: சான்று பெற்ற தொழில் ஒன்று மின்மாற்றிகளைத் தொழிற்சாலையிலிருந்து வாங்கி அப்படியே மின் நிறுவனத்திற்கு விற்கும்போது, அதன் கையில் நிற்பது சிறு தரகுத்தொகை மட்டுமே. முழு விலையையும் கணக்கில் எடுத்தால் எண் பெருகும், தொழில் வளராது.

பினாமி உரிமை: ஆவணத்தில் ஒருவர் உரிமையாளராகவும் நடைமுறையில் வேறொருவர் முடிவெடுப்பவராகவும் இருக்கும் நிலை உண்டு. சான்றளிப்பின்போது வங்கிக் கையொப்ப உரிமை, தொழில் அறிவு, முதலீட்டின் மூலம் ஆகியவற்றை ஆராய்வது இதனாலேயே தேவையாகின்றது.

துறைவாரி ஏற்றத்தாழ்வு: மரக்கிளை வெட்டுதல், காவல், கட்டடப் பராமரிப்பு போன்ற பணிகளில் சிறு தொழில்கள் எளிதில் நுழைகின்றன. எரிபொருள் கொள்முதல், சட்டம், நிதி, உயர் தொழில்நுட்பம் ஆகியவற்றில் நுழைவது அரிது. இத்தகைய துறைகளில் சிறப்பு முயற்சி வேண்டுமெனப் பொது ஆணை 156 தானே குறிப்பிடுகின்றது.

மேம்படுத்தும் வழிமுறைகள்

ஒப்பந்தங்களைப் பிரித்தல்: ஒரு மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தமாக அறிவிக்கப்படும் மின்கம்பம் மாற்றும் பணியைச் சிறு நிறுவனம் ஏற்க இயலாது. வட்டாரம் வாரியாகப் பிரித்தால் அதனால் போட்டியிட இயலும். நிருவாகச் செலவைக் குறைக்க நிறுவனங்கள் வழங்குநர் எண்ணிக்கையைச் சுருக்கும் வழக்கம் இதற்கு நேர் எதிரானது.

விரைந்து பணம் வழங்கல்: பொருள் வாங்கவும் கூலி கொடுக்கவும் சிறு தொழில் முன்கூட்டியே செலவிடுகின்றது. பணம் மூன்று மாதம் கழித்து வந்தால், இலாபம் தரும் ஒப்பந்தமே அதனை வட்டிச் சுமையில் ஆழ்த்திவிடும். துணை ஒப்பந்தக்காரர்களுக்கு முதன்மை ஒப்பந்தக்காரர் பணம் வழங்கியதை உறுதிசெய்வதும் இதில் அடங்கும்.

தகுதி நிபந்தனைகளை ஆய்தல்: மின்சாரப் பணியில் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்த இயலாது. ஆனால் பணியின் இடருக்குப் பொருந்தாத பெருந்தொகைக் காப்பீடும் பிணைத்தொகையும் பாதுகாப்பைக் கூட்டாமல் போட்டியாளரை மட்டும் குறைக்கின்றன.

உண்மையான பங்கைக் கணக்கிடல்: ஐக்கிய அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிகள் இதற்கு ஒரு முன்மாதிரி. அவற்றின்படி, பொருளைத் தானே உற்பத்தி செய்யும் தொழிலுக்கு முழு மதிப்பும், இருப்பு வைத்து விற்கும் வணிகருக்கு 60 விழுக்காடும், தரகருக்கு அவரது கட்டணம் மட்டும் கணக்கில் கொள்ளப்படுகின்றன.

புதியவர்களை எண்ணுதல்: மொத்தச் செலவோடு, அவ்வாண்டு முதன்முறையாக ஒப்பந்தம் பெற்றோர் எத்தனை பேர், துணை ஒப்பந்தக்காரராக இருந்து முதன்மை ஒப்பந்தக்காரராக உயர்ந்தோர் எத்தனை பேர் என்பதையும் வெளியிட்டால் திட்டத்தின் உண்மை நிலை புலப்படும்.

பிற நாடுகளில்

தென்னாபிரிக்கா 2011 இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க மின்னாற்றல் கொள்முதல் திட்டத்தின் முதற் சுற்றுகளில், ஏலதாரர்களுக்கான மதிப்பெண்ணில் 70 விழுக்காடு விலைக்கும் 30 விழுக்காடு பொருளாதார மேம்பாட்டிற்கும் அளிக்கப்பட்டது. கருப்பினத்தவர் உரிமை, உள்ளூர் வேலைவாய்ப்பு, உள்நாட்டுப் பொருட்கள் ஆகியவை பின்னதில் அடங்கும். ஏலத்தில் அளித்த உறுதிமொழிகள் ஒப்பந்தத்தின் பகுதியாகச் சேர்க்கப்பட்டன.

இந்தியாவில் 2012 இல் வெளியான பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை நடுவண் அரசு நிறுவனங்களுக்கு உரியது. ஆற்றல் துறையின் தேசிய அனல்மின் கழகம், இந்தியன் ஆயில், நெய்வேலியிலுள்ள என்.எல்.சி. இந்தியா ஆகியன இதற்கு உட்பட்டவை. குறு, சிறு தொழில்களிடமிருந்து 20 விழுக்காடு வாங்கவேண்டும் என்றிருந்த இலக்கு 2018 இல் 25 ஆக உயர்த்தப்பட்டது. அதனுள் பட்டியல் சாதி, பழங்குடியினர் தொழில்களுக்கு 4 விழுக்காடும், பெண்கள் தொழில்களுக்கு 3 விழுக்காடும் அடங்கும். மிகக் குறைந்த விலையைவிட 15 விழுக்காடு வரை கூடுதலாகக் கேட்ட சிறு தொழில், விலையைக் குறைத்துக்கொள்ள இசைந்தால் ஒரு பகுதியை வழங்கலாம். முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கும் உண்டு. பணத்தை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் வழங்கவேண்டும் என 2006 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. கலிபோர்னியாவின் ஆணை இலக்கையும் அறிக்கையையும் முதன்மைப்படுத்த, இந்திய விதிகள் விலை, வைப்புத்தொகை, பணம் வழங்கும் காலம் ஆகியவற்றையும் சேர்த்தே முறைப்படுத்துகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* பொதுக் கொள்முதல்
* ஒப்பந்தப்புள்ளி
* இட ஒதுக்கீடு
* குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில்கள்